‘அப்கிரேட்’ என்னும் பொய்

‘அப்கிரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘மேம்படுத்துதல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அகராதியளவில் பிழையில்லை. ஆனால் விலையுயர்ந்த மிதிவண்டிகள் விற்கும் கடையில் அச்சொல் ஒலிக்கும்போது அதற்குப் பொருள் வேறு. உன்னிடம் இருப்பது போதாது, நீயும் போதாது, பணப்பையைத் திறந்தால் இரண்டையும் சரிசெய்துவிடலாம் என்பதே அங்கே அதன் பொருள். இச்சொல்லை நம்பி ரோடு பைக்குகளுக்கும் கிராவல் பைக்குகளுக்கும் உதிரிப்பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மூடநம்பிக்கையன்றி வேறில்லை என்பது எங்கள் தரப்பு. அந்த மூடநம்பிக்கையைப் பரப்பியவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இதில் கொஞ்சம் குற்ற ஒப்புதலும் கலந்திருக்கிறது.

எங்கள் வாசக வட்டத்தில் ஏழெட்டுப் பேர் ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மிதித்துச் சென்று, இட்லி தின்று, அந்த வாரம் படித்த நாவலைப் பற்றிச் சண்டையிட்டுத் திரும்புகிறவர்கள். மூன்றாண்டுகளுக்கு முன் அதில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர், வயது 52. சேமநிதியிலிருந்து ஒரு தொகை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன வாங்கலாம் என்று எங்களைக் கேட்டார். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எங்கே போகப் போகிறீர்கள் என்பது. கேட்டதோ, எவ்வளவு செலவழிப்பீர்கள் என்பது. ஆளாளுக்கு ஓர் உபதேசம் செய்தோம். கார்பன் சட்டகம், கேபிள்கள் எல்லாம் உள்ளே மறைந்த ஹேண்டில்பார், 50 மில்லிமீட்டர் ஆழ ரிம் கொண்ட கார்பன் சக்கரங்கள், முன்னால் 52க்கு 36 பல். கடைக்காரர் எங்களை எதிர்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு நாள் ஏலகிரி ஏறினோம். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். புலவர்களை நண்பர் எப்படியோ தாண்டிவிட்டார். வள்ளல்களின் பகுதிக்கு வந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முல்லைக்கொடி ஒன்று கேட்டிருந்தால் அக்கணமே தேரை இறக்கிக் கொடுத்திருப்பார். முழங்கால் தேற நான்கு மாதங்களாயின. அதற்குள் ஹேண்டில்பார் கழுத்துக்குள் இருக்கும் பேரிங் மணலும் வியர்வையும் புகுந்து இறுகிப்போனது. அதை மாற்ற, உள்ளே ஓடும் பிரேக் குழாய்களை அறுத்துத் திரும்பப் பொருத்தி எண்ணெய் நிரப்ப வேண்டும் என்றார்கள். வேறெந்த வண்டியிலும் பொருந்தாத ஒரு சிறு பிளாஸ்டிக் வளையத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தார். வண்டி சுவரில் தொங்கியது. அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு வலித்தது பின்னதுதான்.

முதலில் அந்த முழங்காலைப் பற்றிப் பேசுவோம். கணக்கு எளிது. ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். 8 விழுக்காடு ஏற்றம். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கிறார். முன்னே 36 பல், பின்னே 30 பல் என்றால், மணிக்கு ஏறத்தாழ 10.5 கிலோமீட்டர் வேகத்தில் நகர வேண்டும், அதற்கு 210 வாட் அளவு திறன் தேவை. முன்னே 34, பின்னே 34 என்றால் 175 வாட் போதும். முன்னே 30, பின்னே 34 என்றால் 155 வாட். ஏறும் உயரம் ஒன்றே, ஆகவே மொத்த வேலையும் ஒன்றே. ஆனால் 210 வாட்டை ஒரு மணி நேரம் தரும் உடல் 52 வயதில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? தர முடியாதவர் 70 சுற்றை 45 சுற்றாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு மிதியையும் முழங்காலால் நெம்புகிறார். மருத்துவரிடம் போய் நிற்பது அதற்குப் பிறகு.

இதே ஏற்றத்தில், அவர் கூடுதலாக ஒரு பெருந்தொகை கொடுத்து வாங்கிய சக்கரங்கள் அரை கிலோ எடையைக் குறைத்தன என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமாவது ஏறத்தாழ 1 வாட். சுழலும் எடை இருமடங்கு கணக்காகும் என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். அது வேகம் கூடும்போதும் குறையும்போதும் மட்டும்தான். சீராக மலையேறுகிறவருக்கு அரை கிலோ எங்கிருந்தாலும் அரை கிலோ. சர்வதேச மிதிவண்டிச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் போட்டி வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று விதித்திருக்கிறது. அதாவது இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக்கூட எடைக்கு ஒரு கீழெல்லை உண்டு. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குப் போகிறவர்களுக்குத்தான் எல்லையே இல்லை.

இந்த மனக்கோணல் புதிதல்ல. பிரான்ஸின் சாந்த் எத்தியேன் நகரில் போல் தெ விவீ என்றொருவர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் மிதிவண்டிப் பயணிகளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். மலைகளில் நாள்கணக்கில் பயணம் செய்து, பல கியர்கள் இருந்தால் சாதாரண உடலும் மலையேறும் என்று பல்லாண்டு வாதாடியவர். எதிர்த்தரப்பில் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்ற பொருள்பட 1902இல் அவர் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. டீரெய்லர் என்னும் கியர் மாற்றியை அவருடைய போட்டியின் முன்னணி அணிகள் பயன்படுத்த 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. வெலோசியோ அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1930இல், இறந்துபோயிருந்தார்.

இவ்வரலாற்றை நாங்கள் இழுப்பதற்குக் காரணம் உண்டு. அன்று பயணிகள் தம் தேவையால் கருவிகளைக் கண்டடைந்தார்கள், பந்தயக்காரர்கள் அகங்காரத்தால் அவற்றை மறுத்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். பந்தயக்காரனுக்காக, அவனுக்குப் பின்னால் காரில் வரும் நான்கு பொறியாளர்களை நம்பிச் செய்யப்பட்ட கருவியை, பின்னால் யாருமே வராத நாம் வாங்கிக்கொள்கிறோம். தெக்ராஞ்சின் ஆவி இன்று கடைகளில் உலவுகிறது, கூடவே தவணை முறையும் தருகிறது.

டயர் விஷயத்திலும் நடந்தது இதுவே. 23 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்றை அடைத்து, கல்லில் விழுந்த பல்லிபோல் துள்ளிக்கொண்டு போவதே வேகம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. வழவழப்பான இரும்பு உருளையில் டயரை உருட்டிச் சோதித்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் சாலை உருளையன்று. 2000களின் நடுப்பகுதியில் யான் ஹைன் நடத்திய சிறு காலாண்டிதழ் ஒன்று உண்மையான சாலையில், மேலே ஆளை அமர்த்திச் சோதித்து, கடுங்காற்று வேகத்தைக் கூட்டுவதில்லை என்று எழுதியது. வண்டி அதிரும்போது அந்த ஆற்றல் ஓட்டுபவரின் தசையிலும் எலும்பிலும் வீணாகிறது. அப்போது சிரித்தார்கள். இன்று டூர் டி பிரான்ஸில் 28, 30 மில்லிமீட்டர் டயர்கள் ஓடுகின்றன. அகன்ற மென்டயர் என்பதோ பிரெஞ்சுப் பயண வண்டிகளில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இருந்த சங்கதி. அதையே 40, 45 மில்லிமீட்டராக்கி ‘கிராவல்’ என்ற புதுப்பெயரில் விற்கிறார்கள். விற்கட்டும், நல்ல சரக்குதான். எங்கள் சாலைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. புதுக் கண்டுபிடிப்பு என்று மட்டும் சொல்லாதிருந்தால் போதும்.

சட்டகம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் டயர் நுழையும்? 28தான் என்றால் அவ்வண்டி உங்களை நல்ல சாலைக்கு அடிமையாக்குகிறது. 35 என்றால் ஏரிக்கரையிலும் இறங்கலாம். மட்கார்டும் கேரியரும் பூட்டத் துளைகள் இருக்கின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. இத்துளைகளால் கூடும் எடை சில கிராம்கள். ஆனாலும் பல வண்டிகளில் அவை இல்லை. மழையில் ஒரு மாதம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி எங்கள் கோபத்தின் மையத்துக்கு வருவோம். பெடலின் அச்சு சுழலும் குழலைப் பாட்டம் பிராக்கெட் என்பார்கள். அதில் பேரிங்கைத் திருகிப் பூட்டும் மரையளவு ஒன்று உண்டு. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, 68 மில்லிமீட்டர் அகலம். வலப்பக்கம் மட்டும் எதிர்த்திசையில் திருக வேண்டும், மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருப்பதற்காக. உலகம் முழுதும் இதற்கு பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். ஆம், அம்பத்தூரிலிருந்து வந்து நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்ற அதே பி.எஸ்.ஏ. பர்மிங்காம் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர், 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பழைய சட்டகம் ஒன்றில் இன்று செய்த பேரிங்கைப் பூட்டலாம். இன்றைய சட்டகத்தில் வேறொரு நிறுவனத்தின் பேரிங்கைப் பூட்டலாம். ஓர் இலக்கணம் போல அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

2000க்குப் பிறகு இதைப் பழைமை என்றார்கள். மரை வேண்டாம், பேரிங்கை அழுத்திச் செருகினால் போதும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை அறிவித்தது. பிபி30, பிஎஃப்30, பிபி86 என்று எண்கள் பெருகின. செருகிய பேரிங்குகள் கிரீச்சிட்டன. கிரீஸ் போட்டார்கள், பசை போட்டார்கள், மறுபடியும் கிரீச்சிட்டன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இக்கூத்து நடந்தது. பிறகு என்ன ஆயிற்று? ட்ரெக் 2019இல் டி47 என்ற புதிய மரைக்குத் திரும்பியது. ஸ்பெஷலைஸ்டு 2020இல் தன் உச்சப் பந்தய வண்டியான டார்மாக்கிலேயே பழைய பி.எஸ்.ஏ. மரையை மீண்டும் வைத்தது. இடையில் வாங்கியவர்களிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக நாங்கள் அறியோம். திரும்பி வந்ததையும் ‘அப்கிரேட்’ என்றே விற்றார்கள் என்பதுதான் இதன் உச்சம்.

பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதியிலும் அதே கதை. 8 முதல் 11 வரை ஷிமானோவின் ஒரே உருளையில் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். 12 வந்ததும் நிறுவனத்துக்கொரு உருளை, சில சமயம் ஒரே நிறுவனத்தில் இரண்டு. ரிம்மின் உள்விளிம்பில் டயரைப் பற்றிக்கொள்ளும் கொக்கி இருந்தது. செய்வது எளிது, எடை குறைவு என்று அதை நீக்கினார்கள். கொக்கியில்லா ரிம்மில் காற்றழுத்தம் 5 பாருக்கு மேல் போகக்கூடாது, நிறுவனம் அனுமதித்த டயர்களை மட்டுமே போட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் போட்டியில் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது, டயர் ரிம்மைவிட்டுக் கழன்று கிடந்ததைப் படங்களில் அனைவரும் கண்டனர். காரணத்தைப் பற்றி இரு தரப்பும் வாதிட்டன. எங்கள் கேள்வி வேறு. திண்டிவனத்துக்கு அப்பால் டயர் கிழிந்து நிற்பவர், அனுமதிக்கப்பட்ட டயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

எல்லாப் புதுமைக்கும் நாங்கள் பகைவர்கள் என்று யாரேனும் எழுதக்கூடும். அல்லர். மழையில் மலையிறங்குகிறவருக்கு டிஸ்க் பிரேக் பெரும் வரம். ரிம் பிரேக் கட்டை நனைந்து வழுக்கிய அனுபவம் எங்களுக்குண்டு. மூட்டுவாதம் கண்ட விரல்களுக்குப் பொத்தானைத் தொட்டால் மாறும் மின் கியர் வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாதது. கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டு சட்டகத்துக்குச் சட்டகம் வேறுபட்டு எத்தனையோ பயணங்களைப் பாழாக்கியிருக்கிறது. ஸ்ராம் நிறுவனம் 2019இல் எவரும் பயன்படுத்தும்படி ஒரு பொது ஹேங்கரை முன்வைத்தது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். எங்கள் வினா எப்போதும் ஒன்றுதான்: இப்பாகம் கெட்டால் யாரால் சரிசெய்ய முடியும்? உலகில் ஒரே ஒருவரால் என்றால், வாங்கிய பின்னும் அது அவருடைய சொத்து.

2021 ஆகஸ்டில் ஷிமானோ தன் டியூரா-ஏஸ், அல்டெக்ரா வரிசைகளைப் புதுப்பித்தபோது கேபிளில் இயங்கும் கியர் மாற்றியை அவற்றிலிருந்து நீக்கிவிட்டது. மேல்தட்டில் இனி மின்கலம் மட்டுமே. 2023இல் 105 வரிசையில் கேபிள் 12 திரும்ப வந்தது. எங்கள் பரிந்துரை அதுவே. கேபிள் அறுந்தால் எங்கும் கிடைக்கும். அதே 2023இல், பசையால் ஒட்டிச் செய்த ஷிமானோவின் உயர்தரக் கிராங்குகள் பிளவுறுகின்றன என்று வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7,60,000 கிராங்குகள் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. அவை மலிவான வரிசைகள் அல்ல, உச்சியில் இருந்த இரு வரிசைகள்.

மரத்தடி மெக்கானிக்கைக் காவிய நாயகனாக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டை எங்கள் வட்டத்திலேயே ஒருவர் வைத்தார். அதில் நியாயமுண்டு. அலுமினிய மரையைச் சுத்தியலால் வழிக்குக் கொண்டுவர முயன்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கார்பன் தண்டை இடுக்கியில் இறுக்கி உடைத்தவர்களையும் அறிவோம். அவர் சர்வ வல்லவர் அல்லர். ஆனால் அவர் முன்னால் வண்டி திறந்து கிடந்தது. வால்டியூப் மாற்றுவதையும், கோட்டம் எடுப்பதையும், ஓவராயில் செய்வதையும் பத்து வயதில் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாங்கள் கற்றோம். பால்ரஸ்களை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு எண்ணிக் கொடுத்திருக்கிறோம். கருவியைத் திறந்து பார்த்தவனுக்கு அதன்மீது ஒரு பிடிப்பு வருகிறது. கேபிளே வெளியில் தெரியாத வண்டியில் எந்தப் பிள்ளை எதைக் கற்கும்?

எனவே புதிதாக வாங்குவோருக்கு எங்கள் வரிசை கடையின் வரிசைக்கு நேர்எதிர். உடலில் தொடங்குங்கள். சீட், ஹேண்டில்பார், பெடல் ஆகிய மூன்று இடங்களில்தான் வண்டி உங்களைத் தொடுகிறது. அவை பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சீட்டை இன்னொருவர் சொல்கேட்டு வாங்காதீர்கள். எலும்பு அவருடையதல்ல. பிறகு டயர். நல்ல டயர் ஒரு ஜோடிக்குக் கொடுக்கும் பணத்தைப் போல் பலன் தருவது மிதிவண்டியில் வேறெதுவுமில்லை. பிறகு கியர் விகிதம். மிகச் சிறிய கியரில் முன்பல் பின்பல்லைவிடக் குறைவாக இருக்கட்டும். கிராவல் வண்டிகளுக்கென வரும் 46க்கு 30 பல் கிராங்கை ரோடு பைக்கில் பூட்டினால் தொழிற்சாலை வரைபடம் முகம் சுளிக்கலாம், முழங்கால் சுளிக்காது. முன்னே உள்ள கியர் மாற்றி அதற்கு ஒத்துவருமா என்பதை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். ஆரமாக 32 கம்பிகள் கொண்ட அலுமினியச் சக்கரம் போதும். ஒன்று அறுந்தாலும் மற்றவை வீடு சேர்க்கும்.

துணைக்கருவிகளில் எதைச் சொல்ல? திறன்மானி வாங்கியவர்கள் எல்லோரும் தங்களிடம் அவ்வளவு திறனில்லை என்பதைக் கண்டறிந்து மனம் சோர்ந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு நல்ல பம்பு வாங்கலாம். பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் அதன்மேல் திருகும் சின்னஞ்சிறு பித்தளைக் குமிழ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் நெடுஞ்சாலைப் பங்சர் கடைகளின் கம்ப்ரஸர் எல்லாம் உங்களுடையவை. அது இல்லாமல், லட்ச ரூபாய் வண்டியுடன் காற்றடிக்க வழியற்று நின்ற ஒருவரைச் செய்யூர்ச் சாலையில் பார்த்தோம். டியூப்லெஸ் போடுகிறவர்கள் உள்ளே ஊற்றும் பால் நம் வெயிலில் சீக்கிரம் உலரும் என்பதை நினைவில் வைத்து, ஒரு டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். இரவில் ஓட்டுவதானால் முன்சக்கர மையத்தில் டைனமோ. மின்கல விளக்கு விடியுமுன் அணையும்.

நண்பரின் கதையை முடித்துவிடுகிறோம். சென்ற தைமாதம் எங்களில் இருவர் அவர் வீட்டுக்குப் போய், பழைய எஃகுச் சட்டகம் ஒன்றைக் கொடுத்தோம். பி.எஸ்.ஏ. மரை, 35 மில்லிமீட்டர் டயர், 46க்கு 30 கிராங்க், பின்னே 34, கேபிள் எல்லாம் வெளியே. எடை 11 கிலோவுக்குச் சற்று மேல். அவரே பேரிங்கைத் திருகினார். வலப்பக்கத்தை முதலில் தவறான திசையில் திருகித் திட்டு வாங்கினார். இரண்டு மாதம் கழித்து ஏலகிரியில் எங்களில் மூவருக்குப் பின்னால், ஐவருக்கு முன்னால், நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தார். தேரை யாருக்கும் தரவில்லை.

கார்பன் சக்கரங்கள் இரண்டும் அவர் வீட்டுச் சுவரிலேயே இருக்கின்றன. விற்பனைக்கு. வாங்க வருகிறவரிடம் இக்கட்டுரையைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.